முப்பத்திரண்டாவது கை

அத்தியாயம் 17

ரஸ் வைசோக்கி இடது கையால் காபி ஊற்றிக்கொண்டான். பாதி கோப்பைக்குள் போனது, பாதி மேசையில்.

நோரீன் துணியை எடுத்துத் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? வலது தோள் உள்ளே கிழிந்திருக்கிறது என்று ராச்செஸ்டர் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை அவள் கார் டிக்கியில், ஷூ பைக்குள்ளிருந்து எடுத்து இன்றோடு ஒன்பது நாள். "இன்னும் ஒரு மாதம் இப்படியே எறிந்தால் ஏதாவது ஒரு பந்தில் முழுசாக அறுந்துபோகும்" என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அன்றைக்கு நடந்த சண்டையைப் போன வாரமே பார்த்துவிட்டோம். கடைசியில் ஆறடி நாலங்குல மனுஷன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கெஞ்சினான்.

"பதிமூணு வருஷமா எறியறேன் நோரீ. ஒரு அக்டோபர் கோப்பைகூட ஆடினதில்ல. எனக்கு முப்பத்தாறு ஆச்சு. இந்த ஒரு தடவை விட்டுடு."

விட்டுவிட்டாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்தக் காலையில்தான் அவளுக்கே புரிந்தது.

அந்த டாக்டரைத் தவிர விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ரஸ், நோரீன், மூன்றாவது ஆள் டென்னி ப்ரீன். நோரீனின் தங்கை பெக்கின் புருஷன், ரஸ்ஸுக்குச் சகலை. இருவருக்கும் ஒரே அணியில்தான் பிழைப்பு, ஆனால் ரஸ் பஃபலோ மில்லர்ஸ் பேஸ்பால் அணியின் எறிவீரன், டென்னி வெறும் புல்பென் கேட்சர். ஆட்டத்துக்கு முன் எறிவீரர்கள் கை சூடேற்றிக்கொள்ள, மைதானத்து வேலிக்குப் பின்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. அதுதான் புல்பென். அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறான். ஒரு ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. முழங்கால் இரண்டும் போயே போய்விட்டன.

அணி டாக்டரிடம் மறைக்கலாம். கோச்சிடம் மறைக்கலாம். பந்தின் வேகம் குறைந்ததற்கு "வயது தந்த நிதானம்" என்று பத்திரிகைக்காரர்களே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பந்தைப் பிடிக்கிறவனிடம் எதை மறைக்க முடியும்? ஆகஸ்டிலேயே டென்னிக்குத் தெரிந்துவிட்டது. "நான் ஒண்ணும் பார்க்கல" என்று ஒரே வரி சொன்னான். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அந்த வாய் மூடியே இருக்க வேண்டும். இன்று ராத்திரி ஆட்டத்தில் ஜெயித்தால் மில்லர்ஸ் அக்டோபரில் நடக்கும் கோப்பை ஆட்டங்களுக்குள் நுழைந்துவிடும். எறியப்போவது ரஸ்.

போன் அடித்தது. பெக்.

"எழுந்தாச்சா மகாராணி? இன்னைக்குத்தானே ஓட்டு?"

"ஒன்றரை மணிக்கு."

"டென்னிக்கு முழுப் பங்குதானே?"

"எனக்கு எப்படித் தெரியும் பெக்? உள்ள பேசறது உள்ளயே இருக்கும். ரஸ் என்கிட்டகூடச் சொல்ல மாட்டான்."

"அடேங்கப்பா! ஓட்டு நடத்தறதே உன் புருஷன். கணக்கெடுக்கறதும் அவன். சொந்தச் சகலைக்கு ஒரு முழுப் பங்கு வாங்கித் தர முடியலன்னா அப்புறம் என்ன பிரதிநிதி, சுரைக்காய்?"

நோரீன் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"நோரீ, நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. ஊருக்கு வெளிய ஹாம்பர்க்ல அந்த வீடு இருக்குல்ல, மாடிப்படியே இல்லாத வீடு? செவ்வாய்க்கிழமை எட்டாயிரம் முன்பணம் கட்டிட்டேன்."

"பைத்தியமாடி நீ! இன்னும் அந்தப் பணம் வரவே இல்ல!"

"வரும். டென்னி நேத்து எங்க மூணாவது மாடியில இருந்து எப்படி இறங்கினான் தெரியுமா? ஒவ்வொரு படியா உட்கார்ந்து, தேய்ச்சுக்கிட்டே இறங்கினான். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துடக் கூடாதுன்னு காலைல அஞ்சு மணிக்கே கிளம்பறான். முழுப் பங்கு வரும் நோரீ. நீ ரஸ் காதுல போட்டு வை."

பெக் போனை வைத்துவிட்டாள்.

நோரீன் திரும்பினாள். ரஸ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது. பெக்கின் குரல் அப்படி.

"டென்னிக்குக் கையைத் தூக்குவேதானே?" என்றாள்.

"அறைல நடக்கிறது அறையோட, நோரீ."

"நான் யாரோ எவரோ இல்ல."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டான். அதையும் இடது கையால்.

* * *

அக்டோபர் ஆட்டங்களின் டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி வீரர்களுக்கு வந்து சேரும். யாருக்கு எவ்வளவு என்பதில் முதலாளி தலையிட முடியாது, மேனேஜர் மூச்சுவிட முடியாது. வீரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, கையைத் தூக்கி, தாங்களே முடிவு செய்ய வேண்டும். முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினால் ஒரு முழுப் பங்கு பத்தாயிரம் டாலர் தேறும். கோப்பையை வென்றால் நாலு லட்சத்துக்கு மேல் போகும். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது கைச்செலவு. துணி துவைக்கிறவனுக்கும், உடம்பு பிடித்துவிடுகிறவனுக்கும், டென்னி மாதிரி ஆட்களுக்கும் அது வாழ்க்கை. இன்னும் வராத பணத்துக்கு, வருமா என்றே தெரியாத பணத்துக்கு, செப்டம்பரிலேயே இப்படி உட்கார்ந்து பங்கு போடுகிறார்கள்.

ஒன்றரைக்கு மேனேஜரும் கோச்சுகளும் வெளியேறினார்கள். சலவைக்காரர், சமையல்காரி லூபே, மசாஜ் செய்கிறவர், எல்லோரும் போனார்கள். டென்னி கடைசியில், சுவரைப் பிடித்து நொண்டியபடி போனான். கதவை அவனே சாத்தினான்.

உள்ளே முப்பத்திரண்டு பேர். வீரர்களின் பிரதிநிதியான ரஸ் நடுவில் ஒரு மடக்கு நாற்காலியில். இடது கையில் பெயர்ப் பட்டியல் ஒட்டிய அட்டை, வலது கையில் பென்சில்.

இந்த அறைக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. வீரர் அல்லாத ஒருவருக்கு முழுப் பங்கு வேண்டுமென்றால் எல்லாக் கையும் மேலே போக வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் பாதியாகிவிடும். சும்மா இருந்தேன், பார்க்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன் என்ற சாக்கெல்லாம் செல்லாது. தூக்காத கை எதிர்க்கும் கைதான். மூன்று வருடம் முன்பு லூபேயின் பெயர் வந்தபோது ஒரு பெரிய நட்சத்திரம் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் கோபப்பட்டு இந்த விதியைக் கொண்டுவந்ததே ரஸ்தான்.

"ஜூலையில வேற அணிக்குப் போன ஸ்ப்ரேக்?" என்று ஆரம்பித்தான்.

"நாலு வாரம் இருந்தான். ரெண்டு தடவை டோனட் வாங்கிட்டு வந்தான்" என்றான் முதல் பேஸில் ஆடும் டாலிவர்.

"அதுல ஒரு தடவை ஜாம் இல்லாத டோனட்."

"கால் பங்கு குடு, போதும்."

சிரிப்பு. கைகள் உயர்ந்தன. ரஸ் பென்சிலால் எண்ணினான். "முப்பத்தொண்ணு, என்னையும் சேர்த்து முப்பத்திரண்டு." கால் பங்கு.

லூபேவுக்கு முழுசு. கைகள் பட்டென்று மேலே போயின. "என்னையும் சேர்த்து முப்பத்திரண்டு." சலவைக்காரருக்கு முழுசு. "என்னையும் சேர்த்து."

அடுத்த பெயரில் பென்சில் நின்றது.

"டென்னி ப்ரீன். முழுப் பங்கு."

யாரும் யோசிக்கக்கூட இல்லை. அத்தனை கையும் மேலே. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். அந்த அறையில் டென்னியிடம் பந்து எறியாத எறிவீரன் கிடையாது.

ரஸ் எண்ணினான். "முப்பத்தொண்ணு, என்னையும்..."

"நிறுத்து, நிறுத்து" என்றான் டாலிவர், வாயெல்லாம் பல்லாக. "எல்லாருக்கும் வாயாலேயே ஓட்டுப் போடறே. சகலைக்காவது கையைத் தூக்கு, தலைவரே! நாங்க பார்க்கணும்!"

"தூக்கு! தூக்கு!" என்று நாலு பேர் தாளம் போட்டார்கள்.

ரஸ்ஸின் காதுமடல் சிவந்தது.

காலையிலிருந்து வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் வெந்நீரில் நின்று, களிம்பு தேய்த்து, இரண்டு மாத்திரை போட்டால்தான் அது வேலைக்கு வரும். இப்போது மதியம் இரண்டு மணி. முப்பத்தொரு விளையாட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தோள் பாதியில் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க இவர்களுக்கு டாக்டர் வேண்டாம்.

இடது கையில் அட்டை இருந்தது. அட்டையோடு அதைத் தூக்கியிருக்கலாம். சத்தியமாகத் தூக்கியிருக்கலாம்.

"டென்னி என் குடும்பம்" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "அவனுக்கு நான் ஓட்டுப் போடறது சரியில்ல. என்னை விட்டுடுங்க. முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு. முழுசுன்னு எழுதிக்கறேன்."

தாளம் நின்றது.

மூலையில் வயதில் மூத்த ஹெக்டர் கினோனெஸ் உட்கார்ந்திருந்தான். அதிகம் பேசாதவன். அவனுக்கு டென்னியை ரொம்பப் பிடிக்கும். ஆனால் விதி என்றால் விதி.

"அப்படி எழுத முடியாது ரஸ்" என்றான் மெதுவாக. "தூக்காத கை எதிர்க்கும் கை. நீ சொன்னதுதான். அன்னைக்கு அந்தப் பெரிய ஆளை இதே இடத்துல நிக்க வச்சு நீ கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் இருக்கு. உன் கைதானேய்யா, தூக்கிட்டுப் போயேன்."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவன் இருமினான்.

ரஸ் குனிந்து பட்டியலைப் பார்த்தான். பிறகு, 'அரை' என்று எழுதினான்.

"அடுத்தது" என்றான்.

அடுத்த பெயருக்கு யாரும் ஜோக்கடிக்கவில்லை.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. வெளியே நடைபாதையில் பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு டென்னி உட்கார்ந்திருந்தான். முடிவை யாரும் வாய்விட்டுச் சொல்வது கிடையாது. முழுசு கிடைத்தவனின் முதுகில் போகிறவன் வருகிறவனெல்லாம் ஒரு தட்டுத் தட்டுவான், அதுதான் சேதி. சலவைக்காரர் முதுகில் தட்டினார்கள். லூபேயை ஒருவன் தூக்கிச் சுற்றினான், அவள் கரண்டியால் அவனை அடித்தாள்.

டென்னியைக் கடந்து முப்பத்தொரு பேர் போனார்கள். ஒருவரும் தட்டவில்லை. ஹெக்டர் மட்டும் ஒரு நொடி நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போய்விட்டான்.

கடைசியாக ரஸ் வந்தான்.

"ஆறு இருபதுக்குக் கை சூடேத்தணும்" என்றான், அட்டையைப் பார்த்துக்கொண்டே.

"இருப்பேன்" என்றான் டென்னி.

* * *

இன்று ஜெயித்தால் வீரர்களின் மனைவிகளை டிவியில் காட்டுவார்கள். அதற்காக நோரீன் மூன்று மணிக்குச் சலூனில், முடிக்குச் சாயம் பூசி, தலை முழுக்க வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனில் ரஸ் பெயரைப் பார்த்ததும் மடியிலிருந்த பத்திரிகை கீழே விழுந்தது. ஆட்ட நாளில் அவன் போன் செய்வதே இல்லை.

"நான் கார்ல இருக்கேன்" என்றான். "பார்க்கிங்ல."

"கை என்ன ஆச்சு?"

"கை இல்ல. ஓட்டு." மூச்சை இழுத்தான். "டென்னிக்கு அரைதான்."

"யாருடா அந்தப் பாவி?" என்று கத்திவிட்டாள். பக்கத்து நாற்காலி அம்மாள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நோரீன் தலையில் தாளோடு, தோளில் துண்டோடு, அப்படியே தெருவுக்கு வந்தாள். "யார் தூக்கல?"

போனில் அவன் சாவிக்கொத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"ரஸ்?"

"நான்தான்."

தெருவில் பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போகிற வரைக்கும் நின்றாள்.

"என்ன சொன்னே?"

"கேளு நோரீ. கத்தாம கேளு. டென்னி எனக்காக வாயை மூடிக்கிட்டிருக்கான். நான் கையைத் தூக்கி அவனுக்கு முழுப் பங்கு வாங்கிக் குடுத்தா அதுக்குப் பேர் என்ன? மத்தவன் காசை எடுத்து அவன் வாய்க்குப் பூட்டு வாங்கறது! முப்பத்தொரு பேர் என்னை நம்பி உட்கார்ந்திருக்காங்க. எனக்கு மனசு வரல."

"ஓகோ. நம்பி உட்கார்ந்திருக்காங்களா? கிழிஞ்ச தோளை வச்சுக்கிட்டு ரெண்டு மாசமா அவங்களை ஏமாத்தறியே, அப்ப எங்க போச்சு இந்த மனசு? நேர்மையைக் காட்ட உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? படிக்கட்டுல உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டு இறங்கறவன்தான் கிடைச்சானா?"

"நோரீ..."

"உண்மையைச் சொல்லு. மனசு வரலையா, கை வரலையா?"

கார் ஜன்னலுக்கு வெளியே எங்கோ யாரோ பந்தடித்துப் பழகும் சத்தம் மட்டும் டக், டக் என்று கேட்டது.

"எனக்கே தெரியல" என்றான் ரஸ். "ரெண்டும்தான் போல."

நோரீனுக்கு அழுகை முட்டியது. இவனை உதைக்க வேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"போய் டென்னிகிட்டப் பேசு. இப்பவே. காரணத்தைச் சொல்லு."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு?"

"இருக்கற மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போ! ஆறு இருபதுக்கு அவன் முன்னாடி நின்னு எறியப்போறே. அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ரஸ். ஒரே ஒரு வார்த்தை."

"சொல்ல மாட்டான்" என்றான். "டென்னி அப்படிப்பட்டவன் இல்ல."

இதை அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

உடனே பெக்குக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. நாலு தடவை போட்டாள். ஐந்தாவது தடவை அணைத்து வைத்திருந்தாள். பொழுது விடிந்தால் அக்காவிடம் பத்துத் தடவை பேசுகிறவள், பல் பிடுங்கிய அன்றைக்குக்கூடப் பஞ்சை வைத்துக்கொண்டு பேசியவள், போனை அணைத்து வைத்திருந்தாள்.

* * *

குடும்பத்தார் உட்காரும் வரிசையில் நோரீனின் பக்கத்து நாற்காலி ஆறு மணி வரை காலியாகவே இருந்தது. மற்ற மனைவிகள் வந்து கட்டிப்பிடித்தார்கள், முடி அழகாக இருக்கிறது என்றார்கள். டாலிவரின் மனைவி மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆறேகாலுக்கு பெக் வந்தாள். இரண்டு கையிலும் காகிதத் தட்டு. வெள்ளிக்கிழமையென்றால் இந்த ஊரில் பொரித்த மீன். ஒன்றை நோரீன் மடியில் வைத்தாள்.

"சாப்பிடு."

"பெக், நான் சொல்றதை..."

"ஆறிடும். சாப்பிடு."

கத்தியிருந்தால் தேவலை. பெக் கத்தினால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும், அக்காவுக்குத் தெரியும். இந்த அமைதி புதுசு. நோரீன் ஒரு துண்டு மீனை வாயில் போட்டாள்.

"உன் புருஷன் கை மட்டும் கீழ இருந்துச்சாமே" என்றாள் பெக், மைதானத்தைப் பார்த்தபடி.

"யார் சொன்னா?"

"யார் சொல்லல? கார் நிறுத்தறவன் சொன்னான், டிக்கெட் கிழிக்கறவன் சொன்னான். கதவைச் சாத்திக்கிட்டு ரகசியமா நடத்தினாங்களாம், ரகசியம்! மீன் விக்கறவன் எனக்கு ஒரு துண்டு அதிகமா வைக்கறான், நோரீ. பரிதாபப்பட்டு!"

"ரஸ் ஏன் அப்படிப் பண்ணினான்னு நீ கேக்க மாட்டியா?"

"கேக்க வேண்டியதில்ல. தெரியும்."

"என்ன தெரியும்?"

பெக் விரலைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"ரஸ் எறியற நாள்லல்லாம் டென்னியோட இடது கை பன்னு மாதிரி வீங்கிடும். அந்த வேகம். சாப்பாடு முடிஞ்சதும் ஐஸ் வாளிக்குள்ள கையை விட்டுக்கிட்டுத்தான் டிவி பார்ப்பான். ஆறு வருஷமா மூணு மாடி ஐஸ் தூக்கினது யாரு? நான்தான். ஆகஸ்ட்ல இருந்து நான் ஐஸ் வாங்கல நோரீ. ஒரு தடவைகூட வாங்கல. கை வீங்கவே இல்ல. வயசாச்சுன்னு பேப்பர்காரன் எழுதினான். வயசானா ஒரே வாரத்துலயா ஆவாங்க?"

நோரீன் தட்டைக் காலடியில் வைத்தாள்.

"தெரிஞ்சும் என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என்கிட்டச் சொன்னியா?"

நோரீன் மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நேத்து வரைக்கும் டென்னி இதைப் பத்தி வாயே திறக்கல. நானும் கேக்கல. ஆனா முழுப் பங்கு வரும்னு அடிச்சுச் சொன்னேனே, எதை நம்பிச் சொன்னேன்னு நினைக்கறே? ரெண்டு மாசம் அவன் மூடி வச்சிருக்கான். அதுக்கு ரஸ் ஏதாவது செய்யணுமா இல்லையா? செய்வான்னு நினைச்சேன். அதை நம்பித்தான் எட்டாயிரத்தைக் கட்டினேன்."

ஆக, வாய்க்குப் பூட்டு என்று ரஸ் சொன்னது வெறும் பேச்சில்லை. விலை பேசி, முன்பணமே கட்டியாயிற்று. பேசியவள் தன் கூடப்பிறந்தவள். அதைவிடக் கேவலம், பெக்கின் மேல் நோரீனுக்குக் கோபம்கூட வரவில்லை. தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது.

கூட்டம் ஆரவாரித்தது. வேலிக்குப் பின்னால் புல்பென்னுக்குள் ரஸ் இறங்கியிருந்தான்.

பெக் பைனாகுலரை எடுத்து நீட்டினாள். "நீயே பாரு. என்னால முடியாது."

நோரீன் கண்ணில் வைத்தாள். அறுபதடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு பேர். டென்னி குத்தவைத்து உட்கார எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. ரஸ் எறிந்தான். டென்னி பிடித்தான், திருப்பிப் போட்டான். இரண்டாவது. மூன்றாவது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நாலாவது பந்துக்குப் பிறகு ரஸ் திரும்பி நின்று தோளைப் பிடித்தான். முதுகு இந்தப் பக்கம் இருந்ததால் முகம் தெரியவில்லை. ஐந்தாவது பந்து டென்னிக்கு முன்னாலேயே மண்ணில் விழுந்தது. ஆறாவதும் விழுந்தது. டென்னி உடம்பால் மறித்து நிறுத்தினான்.

ஏழாவது பந்து சரியாக வந்தது. டென்னி பிடித்தான். திருப்பிப் போடவில்லை.

தரையில் கையை ஊன்றி, ஒரு காலை முதலில், பிறகு இன்னொன்றை, மெல்ல நிமிர்த்தி எழுந்து நின்றான். முகமூடியைக் கழற்றி வேலியில் மாட்டினான். ரஸ் பந்துக்காகக் கையுறையை நீட்டினான். டென்னி பந்தைத் தன் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி, சுவரில் இருந்த போனைப் பார்த்து நடந்தான். அந்த போனுக்கு ஒரே ஒரு இடம்தான். எறிவீரர்களைக் கவனிக்கும் பிட்சிங் கோச்.

"பெக்! அவன் போனை எடுக்கறான்!"

பெக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நீதானே சொல்லிக் குடுத்தே? அரைப் பங்குக்குப் பழி வாங்கச் சொன்னியா? இன்னைக்கே, இத்தனை பேர் முன்னாடியேவா?" நோரீன் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி!"

"நானா?" பெக்கின் குரல் உடைந்தது. "வேண்டாம்னு கெஞ்சினேன்டி! கோச்கிட்டச் சொல்லிடப் போறேன்னு நாலு மணிக்குப் போன் பண்ணினான், அழுதேன். அந்த அரைப் பங்காவது மிஞ்சட்டும், இன்னைக்குத் தோத்தா அதுவும் கிடையாதேன்னு அழுதேன். ரஸ்ஸைப் பழி வாங்காதேன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"சிரிச்சான். பழியா, அவன் கை அறுந்து விழறதை ரெண்டு மாசமா எதிர்ல உட்கார்ந்து பார்க்கறேன் பெக், தூக்கமே வரலன்னான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் சொன்னான், 'முழுப் பங்கு குடுத்திருந்தா நான் வாயைத் திறந்திருக்க முடியாது. நல்லவேளை, குடுக்கல'ன்னு."

தூரத்தில், வீரர்கள் உட்காரும் இடத்தில், பிட்சிங் கோச் போனை எடுத்துக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, புல்பென்னை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.